ஊர் சுற்றி உண்ட கதை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இவ்விழாவில் பேசுவதற்குப் புலவர் பெருமக்கள் சிலரைச் செயலாளர் அவர்கள் அழைத்திருக்கிறார்கள். அவர்கள் இலக்கியம் பேசுவார்கள். லேத்து இயந்திரத்தின் முன் முப்பத்தாறு ஆண்டுகள் நின்று ஓய்வு பெற்ற எனக்கு என்ன தலைப்புக் கொடுப்பது என்று அவர் சிறிது நேரம் தயங்கினார். பிறகு, "நீங்கள்தான் மாதந்தோறும் பெங்களூரைச் சுற்றிச் சாப்பிடப் போகிறவர் ஆயிற்றே, அதைப் பற்றியே பேசிவிடுங்கள்" என்றார். இது பாராட்டா, பழிப்பா என்று வீட்டில் என் மனைவியைக் கேட்டேன். "இரண்டுந்தான்" என்று விடை வந்தது.

நான் 1988இல் தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து இந்தப் பொம்மசந்திராவிற்கு வந்தேன். வயது இருபத்திரண்டு. கையில் ஐ.டி.ஐ. சான்றிதழ் ஒன்று, தோளில் துணிப்பை ஒன்று, மற்றொரு கையில் என் தாயார் கட்டிக் கொடுத்த தூக்குப் போசி. அந்தப் போசியில் என்ன இருந்தது, அது என்ன ஆயிற்று என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறேன். அதனைச் சொல்லுவதற்கு எனக்கே எட்டு ஆண்டுகள் ஆயின.

அந்நாளில் ஓசூர்ச் சாலையில் மேம்பாலமும் இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டியின் கண்ணாடி மாளிகைகளும் இன்றைக்கிருப்பது போல் இல்லை. தொழிற்பேட்டையில் ஆலைகள் ஒவ்வொன்றாக எழுந்துகொண்டிருந்தன. இடையிடையே ராகிக் கொல்லைகளும் தைலமரத் தோப்புகளும் இருந்தன. என்னைப்போல் மணமாகாத இளைஞர் நால்வர் ஓர் அறையில் தங்கியிருந்தோம். எங்களுக்குச் சமைக்கத் தெரியாது. ஆகவே வெளியில் உண்ணுதல் என்பது எங்களுக்கு இன்பப் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. வேறு வழி இல்லாமையால் தொடங்கியது.

முதல் நாள் காலை ஒரு சிறு ஓட்டலில் நுழைந்து இட்டிலி கேட்டேன். சாம்பார் வந்தது. வாயில் வைத்தவுடன், ஏதோ தவறுதலாகப் பாயசத்தைக் கலந்துவிட்டார்கள் என்றே எண்ணினேன். கருநாடக நாட்டில் சாம்பாரில் வெல்லம் சேர்ப்பார்கள் என்பதை எனக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஒரு பாத்திரம் நிறைய அதனையே வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். நான் கண்களை மூடிக்கொண்டு விழுங்கினேன். இப்பொழுது ஊருக்குப் போனால் அங்குள்ள சாம்பார் எனக்கு உறைப்பாக இருக்கிறது. என் தமையனார் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

மற்றொரு வியப்பு, 'பை டூ' என்னும் சொல். இருவர் வந்து அமர்வார்கள்; "காபி, பை டூ" என்பார்கள். ஒரு காப்பி இரண்டு குவளைகளில் பகிர்ந்து வரும். விலை ஒன்றுக்கே. இதனை நான் முதலில் கருமித்தனம் என்று கருதினேன். மாதக் கடைசியில்தான் அதன் அருமை விளங்கியது. பையில் ஒருவருக்குரிய காசு மட்டும் இருக்கும்போது இரண்டு நண்பர்கள் தலைநிமிர்ந்து ஓட்டலுக்குள் நுழைந்து, ஒரு மேசையில் எதிரெதிரே அமர்ந்து, அரைமணி நேரம் பேசிவிட்டு வரலாம். பரிமாறுகிறவர் முகம் சுளிக்க மாட்டார். இவ்வளவு நாகரிகமான ஏற்பாட்டை வேறெந்த ஊரிலும் நான் கண்டதில்லை.

பிறகு ஹெப்பகோடியில் ஓர் அம்மையார் தம் வீட்டு முன்கட்டில் நடத்திவந்த சாப்பாட்டு மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்துக்கொண்டோம். அவர் கன்னடத்தவர். எங்களுக்குக் கன்னடம் தெரியாது. அவருக்குத் தமிழ் அரைகுறையாகத் தெரியும். 'அக்கா' என்ற ஒரு சொல் இரண்டு மொழிக்கும் பொதுவாக இருந்தது. அதனை வைத்துக்கொண்டே இரண்டு ஆண்டுகள் காலம் தள்ளினோம்.

அங்கே நாள்தோறும் நண்பகலில் வருவது ராகி முத்தே. அன்பர்களே, இங்கே எனக்கு ஏற்பட்ட சங்கடத்தை நீங்கள் உணர வேண்டும். முத்தே என்று அவர்கள் சொல்லுவது எங்கள் ஊர்க் களியேதான். தருமபுரி, கிருட்டிணகிரி வட்டாரத்தில் பிறந்தவன் களியைத் தின்று வளராமல் இருக்க முடியாது. ஆனால் நான் ஐ.டி.ஐ.யில் படித்த காலத்தில், நெல்லஞ்சோறு கொண்டுவரும் மாணவர்கள் களி கொண்டுவரும் எங்களை ஏளனம் செய்வார்கள். "கல்லுடைக்கப் போகிறாயா?" என்பார்கள். ஆகவே பட்டணத்திற்குப் போனால் இனிக் களியின் முகத்திலேயே விழிப்பதில்லை என்று உறுதி பூண்டிருந்தேன். அத்தகைய நான் எல்லை தாண்டி வந்து, அதே உருண்டைக்கு மாதந்தோறும் பணம் செலுத்திக்கொண்டிருந்தேன்! அறைத்தோழர்களிடம் இது எனக்குப் புதிய உணவு என்றே சொல்லி வைத்தேன். எங்களுள் திருநெல்வேலியைச் சேர்ந்த நண்பர் ஒருவர் முத்தேயை மென்று மென்று, அது பல்லில் ஒட்டிக்கொண்டு வாய் திறக்க மாட்டாமல் தவித்தபொழுது, "மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும்" என்று என்னையும் அறியாமல் சொல்லிவிட்டேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டார். "பக்கத்து மேசையில் பார்த்தேன்" என்றேன்.

1991ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தை இங்கே இருப்பவருள் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதைத் தொடர்ந்து நகரில் கலவரம் மூண்டது. அறையை விட்டு வெளியே செல்லாதீர்கள் என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள். மெஸ்ஸிற்குப் போவது எப்படி? முதல் நாள் இரவு பட்டினி. மறுநாள் இருட்டிய பின் கதவு தட்டப்பட்டது. நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கதவைத் திறந்தால், அக்காவின் மகன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், தலையில் கூடையுடன் நின்றான். எட்டு முத்தே, ஒரு சட்டியில் அவரைக்காய்ச் சாறு. "அம்மா கொடுத்தார்கள். விளக்கைப் போடாமல் சாப்பிடச் சொன்னார்கள்" என்றான். இருட்டில் உட்கார்ந்து விழுங்கினோம். இவ்வாறு நான்கு நாட்கள். ஐந்தாம் நாள் நன்றி சொல்லப் போனோம். அவர் எங்களை இருக்கச் சொல்லி, வழக்கம் போலப் பரிமாறினார். பேச்சு ஒன்றும் இல்லை. மாத முடிவில் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் அந்த நான்கு நாட்களின் சாப்பாடும் எழுதப்பட்டிருந்தது. ஒரு காசு குறையாமல் வாங்கிக்கொண்டார். இதனை வேடிக்கையாகச் சொல்லவில்லை. தானமாகத் தந்திருந்தால் எங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்றே இன்றளவும் நம்புகிறேன்.

இனி நகரத்திற்குள் சென்ற கதை. சம்பளம் வந்தபின் வரும் ஞாயிற்றுக்கிழமை, சிட்டி மார்க்கெட் பஸ்ஸில் ஏறிப் போய்ப் பெயர்பெற்ற ஓட்டல் ஒன்றில் உண்டு வருவதென்று திட்டம் வகுத்தோம். அத்திட்டத்தை முதன்முதலில் மீறிய நாள் 1992ஆம் ஆண்டு மே தினம். ஆலைக்கு விடுமுறை. காந்தி பசாரில் உள்ள வித்யார்த்தி பவனின் மசாலா தோசையைப் பற்றி எங்கள் மேற்பார்வையாளர் நாள்தோறும் புகழ்வார். விடியற்காலையில் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, வழி கேட்டுக் கேட்டு நடந்து போய்ச் சேர்ந்தோம். கதவு மூடியிருந்தது. தொழிலாளர் தினத்தில் தொழிலாளர்க்கு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள், நல்ல முதலாளி என்று திருநெல்வேலி நண்பர் புகழ்ந்தார். அங்கே பூக்கடை வைத்திருந்த கிழவர் சிரித்துவிட்டு, அவ்விடுதிக்கு வெள்ளிக்கிழமைதோறும் விடுமுறை என்று விளக்கினார். அவ்வாண்டு மே முதல் நாள் வெள்ளிக்கிழமையில் வந்திருந்தது. நாள்காட்டியைப் பாராமல் புறப்பட்டது எங்கள் குற்றம். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது காந்தி பசாரில் ஆளுக்கு இரண்டு வாழைப்பழம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் போனோம். அவ்விடுதி 1943இல் தொடங்கப்பட்டது. பெயரே சொல்வது போல, அக்கம்பக்கத்துப் பள்ளி மாணவர்களுக்காக ஏற்பட்டது. உள்ளே இடம் குறைவு. உண்ணுகிறவர் முதுகுக்குப் பின்னாலேயே அடுத்து உண்ணப் போகிறவர் நின்றுகொண்டிருப்பார். இது முதலில் சற்று நாணமாக இருக்கும். பரிமாறுகிறவர் வலக்கையில் ஒரு தட்டின்மேல் ஒரு தட்டாக, மணிக்கட்டிலிருந்து தோள்வரை தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு கூட்டத்தினூடே வருகிற காட்சியைப் பார்ப்பதற்காகவே காசு கொடுக்கலாம். லேத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நுட்பம் பார்த்துப் பழகிய நாங்கள், அந்த அடுக்கு ஏன் சரியவில்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம்; விளங்கவில்லை. தோசை நம் ஊர்த் தோசையைப் போல் மெல்லியதன்று. வெளிப்புறம் செம்பொன்னிறத்தில் மொறுமொறுப்பாகவும் உட்புறம் மெத்தென்றும் இருக்கும். சட்டினி தண்ணீராக ஊற்றப்படும். சாம்பாரை எதிர்பார்த்துப் போவாரை எச்சரிக்கிறேன்: எதிர்பார்க்க வேண்டாம். சங்கரபுரத்தில் 1965இல் தோன்றிய பிராமின்ஸ் காப்பி பாரிலும் அவ்வாறே. இட்டிலி, வடை, காராபாத், கேசரிபாத், காப்பி, இவ்வளவே. சட்டினி மட்டும் கேட்கக் கேட்க வரும். குறைந்த பண்டங்களை வைத்துக்கொண்டு அவற்றையே நாள்தவறாமல் நன்றாகச் செய்வது என்ற கொள்கை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே திருகாணியைப் பல ஆண்டுகள் கடைந்தவனுக்கு அது பிடிக்காமல் இருக்குமா?

காட்டன்பேட்டைப் பக்கத்தில் ஒரு மிலிட்டரி ஓட்டலுக்கு எங்களை ஆலையின் பொறியாளர் ஒருவர் அழைத்துச் சென்றார். மிலிட்டரி ஓட்டல் என்றால் நம் ஊரிலும் இறைச்சி உணவு விடுதி என்றே பொருள். அவர் உயர்ந்த சம்பளம் வாங்குபவர். சொந்தக் கார் வைத்திருந்தவர். உட்கார்ந்தவுடன் அவர் கேட்டது முத்தேயும் ஆட்டுக்கால் சாறும். சுற்றிப் பார்த்தேன். துணி வணிகர்கள், வழக்கறிஞர்கள், காக்கிச் சட்டைக்காரர்கள், எல்லோர் முன்னும் அதே கரிய உருண்டை. எனக்குத் தொண்டை அடைத்தது. உணவினால் அன்று. நான் ஒளித்து வைத்த ஒன்றை, இத்தனை பேர் வெளிச்சத்தில் அமர்ந்து விரும்பி உண்ணுகிறார்கள் என்பதனால்.

இந்த ராகியைப் பற்றி இரண்டு சொல் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. நம் ஊரில் இதனை ஆரியம் என்பார்கள். கேழ்வரகு, கேப்பை என்றும் வழங்கும். இதன் பிறப்பிடம் கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலங்கள் என்று தாவர நூலார் கூறுகின்றனர். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்க் கடல் கடந்து வந்த விதை இது. அவ்வகையில் அதுவும் நம்மைப்போல் குடிபெயர்ந்து வந்ததுதான். கருநாடகத்தின் இலட்சுமணையா என்னும் வேளாண் அறிஞர், இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்து 'இண்டாஃப்' என்னும் விளைச்சல் மிகுந்த இனங்களை உண்டாக்கினார். அந்த விதைகள் எங்கள் தருமபுரிக் கொல்லைகளுக்கும் வந்தன. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் அவையே கொண்டாடியது. என்னை ஏளனம் செய்த பழைய தோழர்களுள் ஒருவர், மருத்துவர் அறிவுரைப்படி இப்பொழுது நாள்தோறும் களி உண்கிறாராம். அவரை நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

1993இல் எனக்குத் திருமணம் நடந்தது. 1996இல் என் தாயார் எங்களோடு சில மாதங்கள் தங்க வந்தார். கடைச்சோறு உண்பது குடும்பத்துக்கு ஆகாது என்ற கொள்கையுடையவர் அவர். லால்பாக் அருகிலுள்ள மாவள்ளி டிபன் ரூம்ஸிற்கு அவரை அழைத்துச் செல்ல நான் பட்ட பாடு கொஞ்சமன்று. லால்பாக்கில் மலர் பார்க்கப் போகிறோம் என்று சொல்லித்தான் கிளப்பினேன்.

எம்.டி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் அவ்விடுதி, உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த மையா சகோதரர்களால் 1924இல் தொடங்கப்பட்டது. லால்பாக் சாலைக் கட்டடத்திற்கு 1960இல் வந்தது. அங்கே பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அன்று ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். என் தாயார், "கல்யாண வீட்டில்கூட இவ்வளவு நேரம் பந்திக்கு உட்கார்ந்திருந்ததில்லை" என்றார். உள்ளே ரவை இட்டிலி வந்தது. நெய்யும் உருளைக்கிழங்குச் சாகும் உடன் வந்தன. இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றுபோய்த் தட்டுப்பாடு ஏற்பட்ட காலத்தில், அரிசிக்கு மாற்றாக ரவையைக் கொண்டு இதனைத் தாங்கள் கண்டுபிடித்ததாக அவ்விடுதியார் கூறுகின்றனர். இதனை நான் தாயாருக்கு விளக்கினேன். அவர் ஒரு வாய் உண்டு, மறு வாய் உண்டு, "அரிசி கிடைக்காத காலத்தில் நாமும்தான் இருந்தோம், நமக்கு இது தோன்றவில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு கடையின் பண்டத்திற்கு வந்த பாராட்டு அதற்கு முன் இல்லை.

அவ்விடுதியின் கதையில் மற்றொரு செய்தியும் உண்டு. 1975இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபொழுது, சிற்றுண்டிகளை மிகக் குறைந்த விலைக்கே விற்க வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. தரத்தைக் குறைக்க மனமில்லாமல் அவர்கள் விடுதியைச் சிறிது காலம் மூடிவிட்டார்கள். வேலையாட்களுக்கு வழி வேண்டுமே என்பதற்காக இட்டிலி மாவுக் கலவை, சாம்பார்ப் பொடி முதலியவற்றைச் செய்து விற்றார்கள். நம் வீட்டு அடுக்களைகளில் இருக்கும் அந்தப் பொட்டலங்கள் அவ்வாறு பெருகியவையே. அந்தப் பொட்டல வாணிகம் 2007இல் நார்வே நாட்டுக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போயிற்று. ஓட்டல் குடும்பத்தாரிடமே இருக்கிறது.

திரும்பும் வழியில் என் தாயார், "களிக்குக் காசு கொடுக்கிறார்கள் என்றாயே, அந்தக் கடையைக் காட்டு" என்றார். அடுத்த ஞாயிறு காட்டன்பேட்டைக்கு அழைத்துச் சென்றேன். தட்டில் வந்த உருண்டையை அவர் விரலால் அழுத்திப் பார்த்தார். பிட்டு உட்புறத்தை நோக்கினார். "கட்டி தட்டாமல் கிண்டியிருக்கிறான். கைப்பழக்கம் உள்ளவன்" என்று தீர்ப்பளித்தார். பிறகு சாற்றில் தோய்த்து விழுங்கத் தொடங்கினார். அந்த வேளையில்தான் எனக்குத் துணிவு வந்தது.

"அம்மா, ஒன்று சொல்ல வேண்டும். 1988இல் நான் கிளம்பிய அன்று நீங்கள் போசியில் நான்கு களி உருண்டையும் கீரைக் கடைசலும் வைத்துக் கொடுத்தீர்கள் அல்லவா? அதை நான் உண்ணவில்லை. ஆலையில் எவரேனும் பார்த்துவிடுவார்கள் என்று அத்திப்பள்ளியில் பஸ் நின்றபோது இறங்கிச் சாலையோரத்தில் கொட்டிவிட்டேன்" என்றேன்.

அவர் உண்பதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"பொங்கலுக்கு வந்தபோது போசியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாய். நீ என்றைக்கடா போசி கழுவினாய்?"

இவ்வளவு சொல்லிவிட்டு, பரிமாறுகிறவரை நோக்கி இன்னொரு முத்தே வேண்டும் என்று கையால் காட்டினார். அதனை என் தட்டில் வைக்கச் சொன்னார். என் தாயார் மறைந்து பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் போசி எங்கள் வீட்டில் இருக்கிறது. என் மனைவி அதில் புளி வைத்திருக்கிறாள்.

மற்ற இடங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன்; தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். எம்.ஜி. சாலையிலிருந்த இந்தியா காப்பி ஹவுஸ் 2009இல் சர்ச் தெருவிற்கு மாறியது. காப்பி வாரியம் தன் காப்பிக் கடைகளை மூடியபொழுது வேலையிழந்த தொழிலாளர்கள், ஏ.கே. கோபாலன் அவர்களின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். முதல் சங்கம் 1957இல் இந்தப் பெங்களூரில்தான் தோன்றியது. தலைப்பாகையும் வெள்ளுடையும் அணிந்து நமக்குக் காப்பி கொண்டுவருகிறவரும் அதன் பங்காளி என்று அறிந்தபின், அவரைக் கைதட்டிக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. 'தர்சினி' என்னும் நின்றுண்ணும் கடைகள் 1983இல் ஜயநகரில் தொடங்கி நகரெங்கும் பரவின. விரைவும் தூய்மையும் மலிவும் உண்டு. ஆயினும் நின்றபடி உண்பதை என் தாயார் ஒருநாளும் ஒப்பவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு படிக்கட்டில் போய் அமர்ந்துகொள்வார். மல்லேசுவரத்து வெண்ணெய்த் தோசை, ஹாசன் பக்கத்திலிருந்து வந்த ஐயங்கார்களின் ரொட்டிக் கடைகளில் கிடைக்கும் கார பன், விசுவேசுவரபுரத் தின்பண்டத் தெரு இவற்றை நீங்களே அறிவீர்கள்.

ஆனால் நம் பொம்மசந்திராவை விட்டுவிட்டு ஊரெல்லாம் சுற்றுவது முறையன்று. 2000ஆம் ஆண்டில் மருத்துவர் தேவி ஷெட்டி அவர்கள் நாராயணா இருதய மருத்துவமனையை இங்கே தொடங்கினார்கள். அவர் முன்னர்க் கொல்கத்தாவில் பணியாற்றியவர். அன்னை தெரசாவுக்கு மருத்துவம் செய்தவர். அந்தத் தொடர்பால் வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் வரலானார்கள். சில ஆண்டுகளில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்க எழுத்தில் பெயர்ப்பலகைகள் எழுந்தன. தங்கும் விடுதிகளும் மீன்குழம்புச் சோற்றுக் கடைகளும் தோன்றின. நகரத்தில் உணவு தேடி முப்பது கல் அலைந்த நான், என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த அக்கடைகளுக்குள் 2011 வரை நுழைந்ததில்லை. கடுகெண்ணெய் மணம் என்னைத் தடுத்தது.

ஒருநாள் மழைக்கு ஒதுங்கி உள்ளே போனேன். சோறு, பருப்பு, கடுகரைத்த மீன்குழம்பு. முதல் வாயில் மூக்கு எரிந்தது. கண்ணில் நீர் வந்தது. எனக்கு எதிரே முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் முன்னும் சோறு இருந்தது, அவர் உண்ணவில்லை. சோற்றைப் பிசைவதும் நிறுத்துவதுமாக இருந்தார். என் கண்ணீரைக் கண்டு, அவர் என்ன நினைத்தாரோ, தம் கையை நீட்டி என் மணிக்கட்டைத் தொட்டார். நானும் ஒரு நோயாளியின் உறவினன் என்று எண்ணிவிட்டார் போலும்! கடைப் பையனைக் கொண்டு விசாரித்தேன். அவருடைய பேத்திக்கு நெஞ்சில் துளை, மறுநாள் அறுவை. எனக்குக் கண்ணீர் வந்தது கடுகினால் என்று எப்படிச் சொல்லுவேன்? சொல்லவில்லை. அவர் தட்டைச் சுட்டிக் காட்டி, உண்ணுங்கள் என்று சைகை செய்தேன். அவரும் என் தட்டைச் சுட்டிக் காட்டினார். இருவரும் ஒருவருக்காக ஒருவர் உண்டு முடித்தோம்.

அதுவரை வெளியில் உண்ணுதல் என்பதைச் சுவை, விலை, வரிசை என்ற அளவுகோல்களால் மட்டுமே அளந்துவந்தேன். அக்கடைகளில் உண்பவருள் பெரும்பாலோர் நாவிற்காக வந்தவர் அல்லர். வீட்டு அடுக்களை ஆயிரக்கணக்கான கல் தொலைவில் இருக்கிறது; மருத்துவர் வெளியே வரும்வரை கால் நிற்க வேண்டும்; அதற்காக உண்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கடுகெண்ணெய் மணம், 1988இல் எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய, நானே சாலையோரத்தில் கொட்டிவிட்ட ஒன்று. பத்து நாட்கள் கழித்து அதே கடையில் அந்த முதியவரைக் கண்டேன். இரண்டாம் முறை சோறு வாங்கி, மீன் முள்ளைப் பொறுமையாக நீக்கி உண்டுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நம் சங்கத்தாருள் சிலர், அந்தத் தெருவில் மீன் நாற்றம் அதிகமாகிவிட்டதாகக் குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். 1988இல் எங்கள் அறையிலிருந்து எழுந்த கருவாட்டு மணத்தைப் பற்றி எங்கள் வீட்டுக்காரர் குறைப்பட்டுக்கொண்டது என் நினைவிற்கு வருகிறது. அவ்வளவே சொல்லுவேன்.

இப்பொழுது நமக்கு ஒரு பெருவசதி வந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டது. ஆர்.வி. சாலை முதல் நம் பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர், 16 நிலையங்கள். ஆர்.வி. சாலையில் பச்சைத் தடத்திற்கு மாறினால், நேஷனல் கல்லூரி நிலையத்தில் இறங்கிக் காந்தி பசாருக்கும் தின்பண்டத் தெருவிற்கும் நடந்தே போகலாம். லால்பாக் நிலையத்தில் இறங்கினால் ரவை இட்டிலி. அன்று நாங்கள் பஸ்ஸில் போய் வருவதற்குள் உண்டது செரித்துவிடும். இன்று செரிப்பதற்குள் வீடு வந்துவிடுகிறது. இதனை வசதி என்பதா, குறை என்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

சென்ற முறை என் பேத்தியை அழைத்துப் போனேன். ஆறு வயது. பரிமாறுகிறவர் வந்தவுடன், நான் வாயெடுப்பதற்கு முன்னே, அவள் திருத்தமான கன்னடத்தில் தனக்கு வேண்டியதையும் எனக்கு வேண்டியதையும் கேட்டுவிட்டாள். அவர் அவளைப் பார்த்து மகிழ்ந்து, என் பக்கம் திரும்பி, "ஐயா எந்த ஊர்?" என்று தமிழில் கேட்டார். தருமபுரி என்றேன். அவர் பாலக்கோடு என்றார். பின்னர் வந்த தோசையில் வெண்ணெய் சற்று அதிகமாக இருந்ததாக எனக்குத் தோன்றியது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

நிறைவாக ஓர் அறிவிப்பு. அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, சங்கத்து அன்பர்கள் விரும்பினால், குடும்பத்தோடு காந்தி பசாருக்குப் போய் வரலாம் என்று செயலாளர் அவர்களும் நானும் பேசியிருக்கிறோம். காலை ஏழு மணிக்குப் பொம்மசந்திரா நிலையத்தின் படியருகில் கூட வேண்டுகிறேன். பயணச் செலவும் உணவுச் செலவும் அவரவரைச் சேர்ந்தவை. காப்பி மட்டும் பை டூ. வெள்ளிக்கிழமை அன்று என்பதை நாள்காட்டியில் பார்த்து உறுதி செய்துகொண்டுவிட்டேன், அஞ்ச வேண்டாம்.